கல்லுக்கடியில் ஒரு கணக்கெடுப்பு

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலை ஓடைகள் செய்தியில் அடிபடுவது பெரும்பாலும் இரண்டே காரணத்துக்காக. போலீஸார் ஓடைக்கரையில் சாராய ஊறலைக் கண்டுபிடித்துக் கொட்டி அழித்தால் ஒரு செய்தி. மேகம் அருவியிலோ பெரியார் அருவியிலோ வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் இன்னொரு செய்தி. அந்தத் தண்ணீருக்குள், கல்லுக்கடியில் குடியிருப்பவர்களைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. இந்த வாரம் அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறோம். அவர்கள் யார் என்று கண்டுபிடிக்க, கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டுச் செய்தார்களே, அந்த பி.சி.ஆர். சோதனையின் நெருங்கிய உறவுமுறை ஒன்றுதான் உதவுகிறது.

முதலில் ஆசாமிகளைப் பார்த்துவிடலாம். மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருக்கும் தை, மாசி மாதங்களில் கல்வராயனின் வெள்ளிமலைப் பக்கம் போகிறவர்கள், ஓடை சலசலத்து வேகமாக ஓடும் இடத்தில் உள்ளங்கை அகலக் கல் ஒன்றைத் தூக்கி மெல்லப் புரட்டிப் பாருங்கள். வெறும் ஈரக்கல் போலத்தான் முதலில் தெரியும். சில விநாடி பொறுத்தால் கல்லின் ஒரு துணுக்கு நகரும். கால்களைப் பக்கவாட்டில் பரப்பி, கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு, ஒளிபடாத பக்கம் பார்த்து நழுவும். தட்டையான தலை, அதன் மேல் இரண்டு கறுத்த கண்கள், வயிற்றின் இரு பக்கமும் சின்னச் சின்ன இலைகளாய்ச் செவுள்கள், பின்னால் மயிரிழை போல இரண்டோ மூன்றோ வால்கள். இதுதான் மேஃப்ளை எனப்படும் ஒருநாள் பூச்சியின் இளம்பருவம். அதே கல்லில் மணல் துகள்களைப் பட்டு நூலால் ஒட்டி வீடு கட்டிக்கொண்ட கேடிஸ்ஃப்ளை புழு இருக்கும். காசை ஒட்டவைத்தது போல வட்டமாக ஒரு வண்டின் புழுவும் இருக்கலாம்.

மேஃப்ளையின் வாழ்க்கை தலைகீழ்க் கணக்கு. வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தண்ணீருக்குள் பாசியைச் சுரண்டித் தின்று வளர்கிறது. பிறகு சிறகோடு வெளியே வந்து சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள். அதற்குள் துணை தேடி, முட்டையிட்டு, முடிந்தது. வளர்ந்த பூச்சிக்கு உணவு தின்னும் வாயே செயல்படாது. இன்னொரு விசேஷம்: சிறகு முளைத்த பிறகும் ஒருமுறை தோல் உரிக்கும் பூச்சி உலகத்தில் இது ஒன்றுதான். விளக்கடியில் வந்து விழுவதைப் பார்த்து ஈசல் என்று நினைப்பவர்கள் உண்டு. ஈசல் கறையானின் சிறகுப் பருவம். இது வேறு வம்சம், அதைவிட வெகு பழைய வம்சம்.

மதுரையில் தொடங்கிய கதை

தமிழ்நாட்டில் இந்தப் பூச்சிகளுக்கு ஒரு ஆய்வுப் பரம்பரையே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மதுரைக் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் கே.ஜி. சிவராமகிருஷ்ணன் 1980களில் குற்றாலம் தொடங்கி மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இறங்கித் தேடினார். 1984இல் அவர் விவரித்த ஒரு மேஃப்ளையின் அறிவியல் பெயர் பீட்டர்சுலா கோர்ட்டாலென்சிஸ். பேரினம் புதிது, இனம் புதிது, பின்பாதிப் பெயர் நம் குற்றாலம். சீசனுக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறவர்களின் காலடியில், உலகம் அதுவரை பெயரிட்டிராத ஒரு பேரினமே இருந்திருக்கிறது.

அவரோடும் அவருக்குப் பின்னும் வந்தவர்கள் பட்டியலை நீட்டினார்கள். 2014இல் சி. செல்வகுமார், சிவராமகிருஷ்ணன், அமெரிக்காவின் லூக் ஜேக்கபஸ் ஆகியோர் விவரித்த ஒரு மேஃப்ளை தாமிரபரணியின் பெயரைத் தாங்கியிருக்கிறது: டெர்லெத்தினா தமிராபரணியே. அதன் குடும்பத்துக்கு டெலோகனோடிடே என்று பெயர். இந்தக் குடும்பத்தின் உறவினர்கள் இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இருக்கிறார்கள். அதோடு நில்லாமல் மடகாஸ்கரிலும் தென்னாப்பிரிக்க மலை ஓடைகளிலும் இருக்கிறார்கள். ஒருநாள் வாழ்கிற பூச்சி இந்தியப் பெருங்கடலைத் தாண்டிப் பறந்திருக்க முடியாது. இந்த நிலங்களெல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக இருந்த காலத்தின் மிச்சமாக ஆய்வாளர்கள் இதைப் பார்க்கிறார்கள்.

இவ்வளவும் பெரும்பாலும் நுண்ணோக்கியில் பார்த்து, செவுளின் வடிவத்தையும் தாடையின் பற்களையும் நகத்தின் முட்களையும் எண்ணிச் செய்த வேலை. கண் போகிற வேலை. அதில் மூன்று சிக்கல்கள் உண்டு. தண்ணீருக்குள் இருப்பதற்கும் சிறகோடு பறப்பதற்கும் உருவ ஒற்றுமை கிடையாது. இந்த இளம்பருவம் அந்தப் பறக்கும் பருவத்தின் பிள்ளைதானா என்று தெரிய வேண்டுமானால் உயிரோடு வளர்த்துப் பார்க்க வேண்டும், வேகமான ஓடைத் தண்ணீரில் பழகியது தொட்டியில் செத்துப்போகும். அரிய பூச்சியென்றால் கையில் கிடைப்பதே ஒன்றோ இரண்டோதான், அதுவும் கால் உடைந்து, வால் முறிந்து. மூன்றாவதுதான் பெரிய சிக்கல்: உருவத்தில் அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பவை உண்மையில் ஒரே இனமாக இல்லாமல் போகலாம்.

ஒரு கால் போதும்

2003இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் ஒரு யோசனை சொன்னார். விலங்குகளின் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சி.ஓ.ஐ. என்ற மரபணு இருக்கிறது. அதன் ஒரு பகுதியை, சுமார் 650 எழுத்து நீளத்தை, எல்லா விலங்குகளிலும் படித்து வைத்துக்கொண்டால் இனத்தை அடையாளம் காணலாம் என்றார். டி.என்.ஏ. பார்கோடு என்ற பெயர் அப்படி வந்தது. ஒரே இனத்துக்குள் இந்த எழுத்துகளில் வேறுபாடு பொதுவாக மிகக் குறைவு. இனம் மாறும்போது வேறுபாடு கூடும். நூற்றுக்கு இரண்டு என்பதைப் பலர் ஒரு தோராய எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். சட்டமில்லை, சந்தேகப்பட ஒரு காரணம், அவ்வளவுதான்.

செய்முறை கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். பூச்சி முழுவதையும் அரைக்க வேண்டியதில்லை. ஒரு காலை எடுத்தால் போதும். புரதத்தைக் கரைக்கும் நொதியில் ஊறவைத்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, பி.சி.ஆர். எந்திரத்தில் வேண்டிய பகுதியை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்கி, எழுத்தெழுத்தாகப் படிக்கிறார்கள். மீதிப் பூச்சி சீசாவில் பத்திரமாக இருக்கும், நாளை யாராவது சந்தேகம் கேட்டால் எடுத்துக் காட்ட. ஆனால் சீசாவுக்குள் என்ன ஊற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உடலைப் பதப்படுத்தக் காலங்காலமாகப் பயன்படுத்திய ஃபார்மலின் டி.என்.ஏ.வைக் குலைத்துவிடும். மரபணு வேலைக்குச் செறிவான எத்தனால் வேண்டும், அதுவும் பிடித்த இடத்திலேயே. ஓடைக்கரையில் ஊற்ற மறந்ததைச் சென்னை ஆய்வகத்தில் சரிசெய்ய முடியாது. பழைய அலமாரிகளில் ஃபார்மலினில் தூங்கும் எத்தனையோ அரிய பூச்சிகள் இதனால்தான் வாய் திறக்க மறுக்கின்றன.

தென்னிந்திய மேஃப்ளைகளின் பார்கோடுகளை செல்வகுமார், சிவராமகிருஷ்ணன், ஜனார்த்தனன் ஆகியோர் 2016இல் வெளியிட்டார்கள். இனி யாராவது ஓர் ஓடையில் பெயர் தெரியாத இளம்பருவத்தைப் பிடித்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கப் பதிவு இருக்கிறது. தொடக்கம்தான், பதிவில் இல்லாத பூச்சியை எந்த எந்திரமும் பெயர் சொல்லிக் கூப்பிடாது. எந்திரம் இருக்கும்போது பூச்சிப் பேராசிரியர் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இது பதில். முதல் சீசாவில் சரியான பெயரை ஒட்ட நுண்ணோக்கிக்காரர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அந்தப் படிப்பைப் படிக்க ஆளில்லாமல் போவது எந்திரம் இல்லாததைவிடப் பெரிய குறை என்பது என் எண்ணம்.

ஒன்று இரண்டானது, இரண்டு ஒன்றானது

அகத்தியமலைக்குப் போவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் மூங்கில்வால் என்று அழைக்கப்படும் ஊசித்தட்டான்கள் இருக்கின்றன. கறுத்து நீண்ட மெல்லிய உடல், அதில் பளிச்சென்ற நீலப் புள்ளிகள். இவற்றில் ஒரு பேரினத்தில் ஒரே இனம்தான் உண்டு என்று நூறாண்டுகளாகப் புத்தகங்களில் இருந்தது. 1922இல் அதை விவரித்தவர் எஃப்.சி. ஃப்ரேசர். ராணுவ மருத்துவர், தட்டான் பித்தர். பிரிட்டிஷ் இந்தியாவின் தட்டான்களைப் பற்றி மூன்று தடித்த தொகுதிகள் எழுதியவர். 2024இல், திருவனந்தபுரம் மாவட்டத்தின் பேப்பாறை சரணாலயத்துக்கு அருகில் கிடைத்த ஊசித்தட்டான்களின் சி.ஓ.ஐ. மரபணுவை, அந்த ஒரே இனமான மலபார் மூங்கில்வாலோடு ஒப்பிட்டார்கள். வேறுபாடு நூற்றுக்கு ஏழுக்கு மேல். பிறகு உடலை உற்றுப் பார்த்தபோது ஆண் பூச்சியின் வால்நுனிக் கொக்கிகளிலும் வேறுபாடு தெரிந்தது. அகத்தியமலை மூங்கில்வால் என்று புதிய இனமாக அறிவித்தார்கள். இத்தனை நாளும் கண்ணெதிரே பறந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான கதை இமயமலையில். டார்ஜிலிங் பக்கத்து மலை ஓடை ஒன்றில் 1918இல் ஸ்டான்லி கெம்ப் ஒரு விநோதமான தட்டான் இளம்பருவத்தைப் பிடித்தார். அதை வைத்தே 1921இல் டில்யார்ட் என்ற அறிஞர் எபியோஃப்ளெபியா லெய்ட்லாவி என்று பெயரிட்டார். சிறகுள்ள பூச்சியை அப்போது அவர் கண்டதில்லை. இதன் குடும்பமே ஒரு புதையல். உடல் தட்டானைப் போல, சிறகு ஊசித்தட்டானைப் போல. வாழும் புதைபடிவம் என்று சொல்வார்கள். இளம்பருவம் குளிர்ந்த ஓடையில் ஐந்தாண்டுக்கு மேல் வளரும். இதன் உறவுக்கார இனம் ஜப்பானில் இருக்கிறது. நடுவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். அப்படியானால் இரண்டும் பிரிந்து பல கோடி ஆண்டு ஆகியிருக்கும் என்றுதானே நினைப்போம்? 2012இல் செபாஸ்டியன் பூஸ்ஸேயும் கூட்டாளிகளும் இரண்டின் மரபணுக் குறிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேறுபாடு அற்பம். பனியுகக் குளிரில் இரண்டுக்கும் ஏற்ற ஓடைகள் ஆசியாவின் குறுக்கே தொடர்ந்து இருந்திருக்க வேண்டும், பூமி சூடானபோது மலையுச்சிகளுக்கு ஒதுங்கி அண்மையில்தான் பிரிந்திருக்க வேண்டும் என்று முடிவு சொன்னார்கள். வடகிழக்குச் சீனத்தின் ஹெய்லோங்ஜியாங்கில் மூன்றாவது இனம் ஒன்று அந்தச் சமயத்தில் விவரிக்கப்பட்டது இந்த எண்ணத்துக்குத் தோதாக அமைந்தது.

ஆக, உருவம் ஒன்றென்று சொன்னதை மரபணு இரண்டாக்கியது. பெயரும் தூரமும் இரண்டென்று சொன்னதை மரபணு கிட்டத்தட்ட ஒன்றாக்கியது. பட்டியலைப் பார்த்து எந்தப் பூச்சி அரிது, எது சாதாரணம் என்று தீர்ப்புச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

இலங்கையிலும் இப்படி ஒன்று நடந்தது. அங்குள்ள மழைக்காட்டு ஓடைகளின் நிழலில் வாழும் ஊசித்தட்டான்களைத் தென்கிழக்கு ஆசியப் பேரினத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 2016இல் மரபணு ஆய்வு அவற்றைத் தனிக் கிளை என்று பிரித்தது. ஃப்ரேசர் முன்பே வைத்துப் பின்னர் கைவிடப்பட்ட சிலோனோஸ்டிக்டா என்ற பெயர் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது.

இதனால் விவசாயிக்கு என்ன?

களமருதூர், உளுந்தூர்பேட்டைப் பக்கம் இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர், பூச்சிக்கு ஒரு பெயர் கூடினால் எனக்கென்ன, கரும்பு டன்னுக்கு நூறு ரூபாய் கூடுமா என்று கேட்பார். நியாயமான கேள்வி.

கோமுகியும் மணிமுக்தாவும் கல்வராயனில் பிறந்து, அணைகளில் தேங்கி, வயல்களுக்குப் பாய்ந்து, கடைசியில் வெள்ளாற்றோடு கடலுக்குப் போகின்றன. அந்தத் தண்ணீர் பிறக்கும் இடத்தில் எப்படி இருக்கிறது என்பதை மலிவாகச் சொல்லும் சாட்சி இந்தப் பூச்சிகள்தான். மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை மூன்றும் ஓர் ஓடையில் எத்தனை வகை, எத்தனை எண்ணிக்கை என்று பார்த்துத் தண்ணீரின் தரத்தை மதிப்பிடுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். ஆய்வகத்தில் கொடுக்கும் ஒரு பாட்டில் தண்ணீர் அந்த நேரத்து நிலையைத்தான் சொல்லும். மாதக்கணக்கில் அங்கேயே மூச்சுவிட்ட பூச்சி, போன மாதம் மேலே எவரோ களைக்கொல்லி டப்பாவைக் கழுவியதையும் சேர்த்துச் சொல்லும்.

ஆனால் சாட்சி யாரென்று சரியாகத் தெரிய வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பேட்டிஸ் ஹாரிசோனி என்ற மேஃப்ளையைத் தண்ணீர்த் தர மதிப்பீட்டில் நெடுங்காலம் ஒரே இனமாக வைத்துக் கணக்கிட்டார்கள். 2012இல் மரபணுவைப் பார்த்தால் அந்த ஒரு பெயருக்குள் தனித்தனி வம்சங்கள் இருந்தன. ஒன்று தாங்கும் தண்ணீரை இன்னொன்று தாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணினால், நுணுக்கமான வம்சம் அழிந்து முரட்டு வம்சம் மட்டும் மிஞ்சினாலும் பதிவேட்டில் "பூச்சி இருக்கிறது, தண்ணீர் நன்று" என்றே இருக்கும்.

இன்னொரு பயன், அழிவை முன்கூட்டியே காட்டுவது. அமெரிக்காவின் மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்கா இருக்கிறது. 1850 வாக்கில் அங்கே சுமார் 150 பனியாறுகள் இருந்தன. 2015 கணக்கில் 26. பனி உருகி வரும் சில்லென்ற ஓடையில் மட்டும் வாழும் லெட்னியா டுமானா என்ற ஸ்டோன்ஃப்ளையை ஆராய்ந்து 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மரபணுப் பன்மை குறைந்திருந்தது, ஓடைக்கு ஓடை கூட்டங்கள் ஒன்றையொன்று விட்டு விலகியிருந்தன. மலைக்கிராமங்களுக்கிடையே கொள்வினை கொடுப்பினை அற்றுப்போனால் என்ன ஆகுமோ, அதுதான் அங்கே ஆகிக்கொண்டிருந்தது. தலை எண்ணிக்கையில் இது தெரியாது. கல்லைப் புரட்டினால் பூச்சி இருக்கத்தான் செய்யும். 2019 நவம்பரில் அமெரிக்க அரசு அதை அச்சுறுத்தலுக்குள்ளான உயிரினப் பட்டியலில் சேர்த்தது.

மரபணு சொன்னால் வேதவாக்கு என்றும் இல்லை. மைட்டோகாண்ட்ரியா தாய் வழியில் மட்டும் வருவது. அப்பா யார் என்று அதற்குத் தெரியாது. இரண்டு இனம் கலந்திருந்தால் அது பாதிக் கதையைத்தான் சொல்லும். வோல்பாக்கியா என்ற பாக்டீரியா பூச்சிகளின் முட்டைவழியே பரவி மைட்டோகாண்ட்ரியா கணக்கையே புரட்டிப் போட்டுவிடும். அதனால் செல்லின் உட்கருவில் உள்ள வேறு மரபணுக் குறிகளையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒரே மரபணுவை மட்டும் பார்த்துவிட்டுப் புதிய இனம் என்று மேளம் கொட்டும் கட்டுரைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்க வேண்டும்.

கல்வராயன் ஒரு தீவு

இப்போது நம் மலைக்கு வருவோம். இங்கே பனியாறு கிடையாது, எபியோஃப்ளெபியாவும் கிடைக்காது. ஆனால் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலை என்று பெயர்தான் தொடர்ச்சி. தமிழ்நாட்டில் அது துண்டு துண்டாகக் கிடக்கிறது. கல்வராயனுக்கு வடக்கே தென்பெண்ணைப் பள்ளத்தாக்கைத் தாண்டி ஜவ்வாது மலை. மேற்கே சேர்வராயன். தெற்கே ஆத்தூர்க் கணவாயைத் தாண்டிப் பச்சைமலை, அப்பால் கொல்லிமலை. ஒவ்வொன்றும் சமவெளி என்ற கடலில் தனித்தனித் தீவு. குளிர்ந்த ஓடையில் பிறந்து ஒருநாள் மட்டும் பறக்கிற பூச்சிக்கு, வெயில் காயும் வயல்வெளியைக் கடந்து அடுத்த மலைக்குப் போவது எளிதல்ல.

அப்படியானால் கல்வராயன் மேஃப்ளையும் கொல்லிமலை மேஃப்ளையும் ஒன்றுதானா? உருவத்தை வைத்து ஒரே பெயர் கொடுத்துவிடலாம். உண்மை மரபணுவில் இருக்கிறது. சின்ன மலைதானே என்று அலட்சியம் வேண்டாம். மதுரைக்குப் பக்கத்தில், நூபுர கங்கைக்கும் கள்ளழகருக்கும் பேர்போன அழகர் மலை எவ்வளவு சிறியது! அங்கிருந்து 2009இல் ஒரு மேஃப்ளை புதிய இனமாக விவரிக்கப்பட்டது. பெயர் கோரோடெர்பீஸ் அழகரென்சிஸ்.

கல்வராயன் ஓடைகள் கோடையில் வற்றி ஆங்காங்கே குட்டைகளாகச் சுருங்குபவை. மழை தவறிய ஆண்டில் அந்தக் குட்டைகள்தான் அடுத்த தலைமுறைக்கு விதைநெல். அந்த நேரத்தில்தான் மோட்டார் வைத்து இறைப்பதும் நடக்கிறது. சாமை விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியிருக்கிறது. விடுமுறை நாளில் அருவிக்கு வருகிறவர்கள் ஷாம்பு பாக்கெட்டைப் பாறையிடுக்கில் செருகிவிட்டுப் போகிறார்கள். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த இந்த மலைக்கு, சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் வந்து சேர்ந்ததே தாமதமாகத்தான். அவை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அவை இன்னும் போதவில்லை என்பதுதான் உண்மை. ஓடைக்குக் குறுக்கே ஒரு கட்டுமானம் வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று ஒரு சீசாவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் கோரிக்கை.

இதற்குக் கோடிகள் வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானது. மாவட்டத்திலும் அக்கம்பக்கத்திலும் உள்ள கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வலை, தூரிகை, இடுக்கி, செறிவான எத்தனால் ஊற்றிய சீசாக்கள், பென்சிலில் எழுதிய சீட்டு: ஓடையின் பெயர், தேதி, உயரம், தண்ணீரின் வெப்பம். களவேலைக்கு இவ்வளவுதான். மரபணு படிக்கும் வேலையை வெளி ஆய்வகங்களுக்கு அனுப்பிச் செய்துகொள்ளலாம். எந்த ஓடை எந்த மாதம் வற்றும், எந்தப் பாறைக்கடியில் கடைசிவரை தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் மலைமக்களுக்கு மனப்பாடம். அவர்களைக் கூலிக்கு வழிகாட்டியாக வைத்துக்கொண்டு கட்டுரையில் பெயர் விடுகிற பழக்கத்தை மட்டும் முதலிலேயே விட்டுவிட வேண்டும்.

வனத்துறைக்கு ஒரு வேண்டுகோள். காப்புக்காட்டு ஓடையில் பூச்சி எடுக்க அனுமதி கேட்டு மாணவர் மனுக் கொடுத்தால், மரம் வெட்ட வந்தவரைப் போல நடத்தாமல், பருவம் தவறுவதற்குள் பதில் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓடை தெளிகிற தை, மாசி மாதங்கள்தான் வேலைக்கு வாகானவை. சித்திரையில் வரும் அனுமதியை வைத்துக்கொண்டு காய்ந்த கல்லைத்தான் புரட்ட முடியும்.